காற்றைப் பார்த்துக் கூடாரம் போடுங்கள்: கர்ரி ஹேமக்கில் தங்குவது

மயாமிக்குத் தெற்கே பெருநிலம் முடிந்ததும் சாலை கடலுக்குள் இறங்குகிறது. தீவு, பாலம், மறுபடி தீவு, மறுபடி பாலம் என்று நூறு மைலுக்கு மேல் ஓடிக் கீ வெஸ்டில் போய் நிற்கிறது. இந்த வழியில் வருகிறவர்களில் பெரும்பாலோர் கடைசி ஊரை மட்டுமே மனத்தில் வைத்து வண்டி ஓட்டுகிறார்கள். அதனால் நடுவழியில், மாரத்தான் ஊருக்குச் சற்று முன்னால், இடப்பக்கம் வரும் ஒரு சிறிய பலகை அவர்கள் கண்ணில் படுவதில்லை. கர்ரி ஹேமக் மாநிலப் பூங்கா என்று அதில் எழுதியிருக்கும். மயாமியில் ஆசிரியையாக இருந்த லமார் லூயிஸ் கர்ரியின் குடும்ப நிலம் இது. அவர் பெயரையே பூங்காவுக்கு வைத்திருக்கிறார்கள். முகாம்திடல் சின்னது: ஒரே வளையமாகச் செல்லும் பாதை, 28 கூடார இடங்கள், ஒரு குளியலறைக் கட்டடம், நடந்து தீர்க்கக்கூடிய ஒரு கடற்கரை. ஆனால் அதைச் சுற்றிலும் அலையாத்திக் காடும், கடற்புல் வெளியும், வெப்பமண்டல வன்மரக் காடுமாக ஆயிரம் ஏக்கருக்கு மேல் பூங்காவுக்குச் சொந்தம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீ வெஸ்டுக்குப் போகும் வழியில் படுத்து எழுந்து போகும் இடமாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம். அப்படி ஓர் இரவு தங்கினால் கொசுக்கடியும் கடற்பாசி நாற்றமும்தான் நினைவில் நிற்கும். மூன்று இரவாவது தங்குங்கள். முதல் நாள் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பிடிபடும். இரண்டாம் நாள் நீரின் ஏற்றவற்றம் பிடிபடும். அதற்குப் பிறகுதான் இந்த இடம் தன்னைக் காட்டத் தொடங்கும்.

வழியும் முன்பதிவும்

கீஸ் எனப்படும் இந்தத் தீவுகளில் முகவரி கேட்டால் மைல் கல்லைத்தான் சொல்வார்கள். கீ வெஸ்டில் பூஜ்யத்தில் தொடங்கி வடகிழக்கே போகப்போக எண் கூடும். சாலையோரப் பச்சைப் பலகைகளில் அது இருக்கும். பூங்கா வாசல் 56.2ஆம் மைலில், கடற்பக்கம். அதன் கதவு எண் 56200 என்பதும் அந்தக் கணக்கில் வந்ததே. மயாமியிலிருந்து வரும்போது இடக்கைப் பக்கம் அட்லாண்டிக் கடல், வலக்கைப் பக்கம் ஃபுளோரிடா வளைகுடா. உள்ளூர்க்காரர்கள் இடம் சொல்லும்போது ‘கடற்பக்கம்’, ‘வளைகுடாப் பக்கம்’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். மயாமி விமான நிலையத்திலிருந்து இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை என்றால் இன்னும் கூடும், ஏனென்றால் பெரும்பகுதி வழியில் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை மட்டுமே.

இடம் பிடிப்பதுதான் இந்தப் பயணத்தின் கடினமான பகுதி. 2024 முதல் ஃபுளோரிடாவில் வசிப்பவர்கள் 11 மாதம் முன்பாகவும், மற்றவர்கள் 10 மாதம் முன்பாகவும் மாநிலப் பூங்காக்களின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். காலை எட்டு மணிக்கு அன்றைய கதவு திறக்கும். குளிர்கால வார இறுதிகள் அப்போதே போய்விடும். வெளி மாநிலத்தில் இருக்கிறவர்கள் இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பத்து மாதம் முன்பு பதிவு செய்தவர்களில் பலர் கடைசியில் வர முடியாமல் விட்டுவிடுவார்கள். நீங்கள் போக நினைக்கும் தேதிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் தினமும் காலையிலும் இரவிலும் பதிவுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகள் இப்படி அடிக்கடி விடுபடும். கட்டணம் ஓர் இரவுக்கு 36 டாலர் அளவில் இருந்துவருகிறது. அதன்மேல் வரியும் பதிவுக் கட்டணமும் சேரும். பணம் கட்டும்முன் அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் எட்டுப் பேர் வரை தங்கலாம் என்பதால் இரண்டு சிறு குடும்பங்கள் ஒன்றைப் பகிர்ந்துகொள்ள முடியும்.

பூங்கா காலை எட்டிலிருந்து பொழுது சாயும் வரை திறந்திருக்கும். பிறகு வாசலைப் பூட்டிவிடுவார்கள். தங்குகிறவர்களுக்குப் பூட்டைத் திறக்க ஓர் எண் தருவார்கள். இருட்டிய பின் வந்து சேருவதாக இருந்தால் பகலிலேயே தொலைபேசியில் அழைத்து அந்த எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எப்போது போவது

நவம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை. இது என் உறுதியான பரிந்துரை. அப்போது மழை குறைவு, பகல் 24, 25 டிகிரி, இரவு 18 அளவுக்கு இறங்கும். கொசுவும் அடங்கியிருக்கும். ஏப்ரலும் நன்றாகவே இருக்கும். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். ஜூலை, ஆகஸ்டில் இரவிலும் பெரும்பாலும் 27 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஈரமும் சேர்ந்துவிடும். காற்றில்லாத ஆகஸ்டு இரவில் துணிக்கூடாரத்துக்குள் குழந்தைகளைத் தூங்கவைப்பது பெரும்பாடு. சென்னைக் கோடையைப் பார்த்தவர்களுக்கு இது என்ன பெரிய வெயில் என்று தோன்றலாம். வீட்டில் சுவரும் மின்விசிறியும் இருந்தன, இங்கே சுவர் இல்லை.

அக்டோபர் மட்டும் தனி. அது புயல் மாதம்தான். ஆனாலும் அதற்கென்றே ஒரு கூட்டம் இங்கே வருகிறது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த இடம்

படத்தைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கிறவர்கள் எல்லோரும் கடலை ஒட்டிய வரிசையையே கேட்பார்கள். அது சரியான தேர்வுதான். ஆனால் காரணம் காட்சி அல்ல, காற்று.

இந்தத் தீவுகள் கிழக்கு-மேற்காகச் சாய்ந்து கிடப்பதால் பூங்காவின் கடற்கரை தெற்கும் தென்கிழக்குமாகப் பார்க்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வீசுவது கொண்டல், அதாவது கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் காற்று. அது நேரே கடலோர வரிசையில் வந்து மோதும். அந்தக் காற்று இருக்கும்வரை கடிப்பூச்சி அண்டாது. உள் வரிசையில் புதர் மறைக்கும். அங்கே நிழல் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், மாலை ஆறு மணிக்கு நீங்கள் காலைத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வடக்கே இருந்து குளிர்முகம், அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, இறங்கும். அப்போது காற்று வாடையாகத் திரும்பும். அந்த இரண்டு நாளும் கதை தலைகீழ். காடு முதுகுப்பக்கம் நின்று வாடையைத் தடுக்க, கடற்கரை அமைதியாகிவிடும். தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும். துடுப்புப் படகு எடுக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. வானிலை அறிக்கையில் மழையைப் பார்ப்பதற்கு முன் காற்றின் திசையைப் பாருங்கள். இந்த முகாமில் எந்த நாளில் என்ன செய்வது என்பதை முடிவு செய்வது அதுதான்.

கொசுவைச் சொன்னேன். அதைவிடத் தொந்தரவு ‘நோ-சீ-அம்’ என்று இங்கே அழைக்கும் நுண்ணிய கடிப்பூச்சி. மிளகுத் தூள் அளவுகூட இருக்காது. சாதாரணக் கொசுவலைக் கண்ணில் தாராளமாக நுழைந்து வரும். விடியலிலும் அந்தியிலும், மழை ஓய்ந்து காற்று நின்ற நேரத்திலும் வரும். கூடாரம் வாங்கும்போது அதன் வலை நெருக்கமான கண் கொண்டதா என்று பாருங்கள். அதற்கு மேல் ஓர் எளிய வழி உண்டு. இங்கே ஒவ்வோர் இடத்திலும் மின்சாரம் இருக்கிறது, ஒரு சிறிய மேசை மின்விசிறி கொண்டுவாருங்கள். இந்தப் பூச்சிகளுக்குப் பறக்கும் வலு குறைவு. விசிறிக் காற்றைத் தாண்டி வராது. எந்தக் களிம்பையும்விட இது நல்ல காவல்.

கூடாரத்தை ஊன்றுவது

காலடியில் இருப்பது மண் அல்ல. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் உயர்ந்திருந்தபோது உயிரோடு இருந்த பவளத்திட்டுதான் இன்று கீ லார்கோ சுண்ணாம்புப் பாறையாக இந்தத் தீவுகளின் அடியில் கிடக்கிறது. கூடார இடங்களில் அதன்மேல் சரளைக்கல் பரப்பியிருக்கிறார்கள். கூடாரத்தோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகள் முதல் அடியிலேயே வளைந்துவிடும். ஒரு முழத்துக்குக் குறையாத எஃகு முளைகள் எட்டும், ஒரு கனமான சுத்தியலும் வேண்டும். முளையே இல்லாமல் தானாக நிற்கும் கூடாரமாக இருந்தால் நல்லது. அப்போதும் இழுகயிறுகளைக் கட்டாமல் விடாதீர்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுத்தால் வெறும் கூடாரம் சரளையில் உருண்டு போகும். முளை இறங்கவே இல்லையென்றால் தண்ணீர்க் குடங்களில் கயிற்றைக் கட்டலாம்.

குறுகிய பக்கம் காற்றைப் பார்த்தும், வாசல் காற்றுக்குப் பக்கவாட்டிலும் இருக்கட்டும். வாசலைக் காற்றுக்கு நேரே வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மணல் உள்ளே வரும். எதிர்ப்புறம் வைத்தால் காற்றோட்டம் போய்விடும். நிழலுக்குத் தார்ப்பாய் கட்டுவதாக இருந்தால் தாழ்வாக, கம்பு ஊன்றிக் கட்டுங்கள். மரத்தில் கயிறு கட்ட வேண்டாம். பாறைமேல் விரலளவு மண்ணில் வேர்விட்டு, புயலுக்குப் புயல் தப்பி நிற்கிற மரங்கள் இவை. பட்டை உரிந்தால் ஆறுவதற்கு நெடுநாளாகும். சரளையில் படுப்பதற்குத் தடித்த மெத்தை வேண்டும். மெல்லிய யோகா விரிப்பு போதாது.

கடலிலிருந்து காட்டுக்கு

இங்கே ஒரு பகலை நடப்பதற்கென்றே ஒதுக்குங்கள். தண்ணீருக்குள்ளிருந்து தொடங்கி மேட்டை நோக்கி வாருங்கள். உயரம் சில அடிகள்தான் கூடும். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் வேறு உலகம்.

கரையிலிருந்து வெகுதூரம் வரை முழங்கால் ஆழம். அடியில் ஆமைப்புல் என்று பெயர் பெற்ற கடற்புல் மேய்ச்சல் வெளியாக விரிந்திருக்கிறது. பச்சைக் கடலாமைகளும், நம் பாக் நீரிணையின் ஆவுளியாவுக்கு உறவான மனாட்டியும் இதை மேய்கின்றன. இறால், நண்டு, மீன் குஞ்சுகள் இதில் ஒளிகின்றன. காய்ந்த இலைகள் அலையோடு வந்து கரையில் மெத்தையாகக் குவியும். வெயிலில் அது அழுகும்போது அழுகிய முட்டை வாசனை வரும். சிலர் வந்ததும் வராததுமாகக் கடற்கரை அசுத்தம் என்று முறையிடுவார்கள். அசுத்தம் அல்ல. அந்தக் குவியல்தான் மணலைப் பிடித்துவைக்கிறது. கரைப்பறவைகள் அதைக் கிளறித்தான் உண்கின்றன. மூக்கு ஒரு நாளில் பழகிவிடும்.

கரையேறியதும் மணலில் ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும் கொடியைப் பாருங்கள். ஆட்டுக் குளம்புபோல் பிளந்த இலை. அடும்பு! சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தில் கண்ட அதே கொடி, அதே இனம். விதை கடலில் மிதந்தே உலகின் வெப்பமண்டலக் கரைகளில் எல்லாம் பரவியிருக்கிறது. இங்கும் அது சொந்தக் குடிதான். ஆனால் நமக்கு நெருக்கமான வேறு சில மரங்களுக்கு இங்கே அந்த மதிப்பு கிடையாது. நாம் கடற்கரையெங்கும் நட்டு வளர்க்கும் சவுக்கு, வேலியோரத்துப் பூவரசு இரண்டும் தென் ஃபுளோரிடாவில் அந்நிய ஆக்கிரமிப்பு மரங்கள். சவுக்கின் அடர்ந்த சருகு மற்றச் செடிகளை முளைக்க விடுவதில்லை. வேர் மேலோட்டமாக இருப்பதால் புயலில் சாய்ந்து ஆமைகள் முட்டையிடும் கரையை அடைத்துவிடுகிறது. பூங்காக்களில் அதை வெட்டி அகற்றுகிறார்கள். ஊரில் நிழலுக்குத் தேடிய மரத்தை இங்கே வெட்டுவதைப் பார்த்து வருந்த வேண்டாம். எந்த மண்ணில் நிற்கிறது என்பதைப் பொறுத்ததே மரத்தின் நன்மையும் தீமையும்.

கரை வளையும் இடங்களில் அலையாத்திகள். சேற்றிலும் நீரிலும் கால்களை அகட்டி ஊன்றி நிற்பது சிவப்பு அலையாத்தி. பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் பார்த்த சுரபுன்னையும் இதுவும் ஒரே பேரினம். அதற்குப் பின்னால், தரையிலிருந்து பென்சில்போல் மூச்சுவேர்கள் நீட்டிக்கொண்டிருப்பது கருப்பு அலையாத்தி. இன்னும் சற்று மேட்டில் வெள்ளை அலையாத்தியும் பட்டன்வுட்டும். ஊன்றுவேர்களின் நடுவே மெல்லக் குனிந்து பார்த்தால் சுண்டுவிரல் நீள மீன் குஞ்சுகள் கூட்டமாக நிற்கும். வெளிக்கடல் பவளத்திட்டில் தூண்டிலில் மாட்டும் பெரிய மீன்களில் பலவும் இப்படி இங்கே பிள்ளைப்பருவம் கழித்தவைதான்.

அதன் பின்னால்தான் பூங்காவின் பெருமையான வன்மரக் காடு. இதற்கு முகாமிலிருந்து நெடுஞ்சாலையைக் கடந்து, மாரத்தான் திசையில் சற்றுத் தூரம் போக வேண்டும். வளைகுடாப் பக்கம் ஃபேட் டியர் கீ தீவில் ஒன்றரை மைல் நடைபாதை இருக்கிறது. இந்தக் காட்டின் மரங்கள் பெரும்பாலும் வட அமெரிக்க மரங்களே அல்ல. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பறவை வயிற்றிலும், புயலிலும், கடல் நீரோட்டத்திலும் வந்து சேர்ந்தவற்றின் வழித்தோன்றல்கள். விசிறி இலைகொண்ட தாட்ச் பனை அமெரிக்காவிலேயே மிகுதியாக வளரும் இடங்களில் இது ஒன்று. செம்பு நிறப் பட்டை காகிதம்போல் உரியும் கம்போ லிம்போவை முதல் பார்வையிலேயே அடையாளம் கண்டுவிடலாம். வெயிலில் தோல் உரிந்த சுற்றுலாப் பயணிகளைப்போல் இருப்பதால் உள்ளூரில் அதற்குச் சுற்றுலாப் பயணி மரம் என்று செல்லப்பெயர்.

அடையாளம் கண்டே தீரவேண்டிய மரம் வேறு. பாய்சன்வுட், நச்சு மரம். பளபளப்பான இலைகள், ஒரு காம்பில் பெரும்பாலும் ஐந்து. இலைமேலும் பட்டைமேலும் தார் சிந்தியதுபோல் கருப்புத் திட்டுகள். மா, முந்திரி, சேராங்கொட்டை குடும்பத்தைச் சேர்ந்தது. மாம்பால் பட்டுக் கன்னம் புண்ணானவர்களுக்கு இதன் பால் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. மழையில் இதன்கீழ் ஒதுங்கக்கூடாது, இலையில் வழிந்த நீரே போதும். பட்டுவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். உடுப்பையும் தனியே துவையுங்கள். இதே மரத்தின் பழம்தான் வெண்முடிப் புறாவின் விருப்ப உணவு. அதனால் இந்த மரம் காட்டில் இருந்தாக வேண்டும். நாம்தான் விலகி நடக்க வேண்டும். கீஸ் தீவுகளில் அரிதாக மான்சினீல் என்ற கொடிய மரமும் உண்டு. சிறிய பச்சை ஆப்பிள்போல் காய்க்கும். ஆகவே பிள்ளைகளுக்கு ஒரே விதி: காட்டில் எந்தப் பழத்தையும் பறிக்காதே, வாயில் வைக்காதே.

தண்ணீரில்

உயிர்காப்பாளர் கிடையாது. ஆழம் குறைவு என்பதால் சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற கடல்தான். ஆனால் வெறுங்காலோடு இறக்க வேண்டாம். பாறையும் கூர்மை, மணலில் புதைந்து திருக்கையும் கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடந்தால் திருக்கை அதிர்வை உணர்ந்து தானே விலகிப் போய்விடும். குளிர்காலத்தில் கடற்காற்று பலமாக அடித்த மறுநாள் நீலப் பலூன்போல், சொறிமீனை ஒத்த ஓர் உயிரி கரை ஒதுங்கும். போர்ச்சுகீசு மேன்-ஓ-வார் என்பார்கள். செத்துக் காய்ந்ததுபோல் கிடந்தாலும் அதன் இழைகள் சுடும். அன்று நீச்சல் வேண்டாம்.

துடுப்புப் படகில் லிட்டில் கிரால் கீ தீவைச் சுற்றி வருவதுதான் இங்கே செய்யத்தக்கவற்றில் முதன்மையானது. திறந்த கடல் கொஞ்சம், அலையாத்திகள் கூரைபோட்ட ஓடை கொஞ்சம், அமைதியான உப்பங்கழி கொஞ்சம் என்று மூன்றும் ஒரே சுற்றில் வந்துவிடும். அவசரமில்லாமல் போனால் அரைநாள். மூன்று விஷயம் நினைவில் இருக்கட்டும். முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று தள்ளிவிடும். இரண்டாவது, இங்கே ஏற்றவற்ற வேறுபாடு சுமார் இரண்டடிதான். ஆனால் இருக்கும் ஆழமே இரண்டடி என்றால் அது எல்லாவற்றையும் மாற்றும், எனவே நீர் ஏறும் நேரத்தில் கிளம்புங்கள். மூன்றாவது, தரைதட்டினால் துடுப்பால் குத்தித் தள்ளாதீர்கள், இறங்கிப் புல்லில்லாத மணலில் கால்வைத்துப் படகை இழுங்கள். மேலேயிருந்து பார்த்தால் இந்தப் புல்வெளியில் வெள்ளைக் கோடுகள் தெரியும். விசைப்படகுகளின் சுழலி உழுத வடுக்கள் அவை. மறுபடி புல் மூட ஆண்டுக்கணக்காகும். ஓடையில் தலைகீழாகக் கிடந்து மேல்நோக்கி விரியும் சொறிமீன்களைப் பார்ப்பீர்கள். கையால் தொட வேண்டாம். குயீன் காஞ்ச் என்ற பெரிய சங்கு கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அப்படியே விடுங்கள். ஃபுளோரிடாவில் அதைப் பிடிப்பதற்கு 1980களிலிருந்தே முழுத் தடை.

காற்று பலமாக வீசும் நாளில் படகு வேண்டாம். அன்று பட்டச் சறுக்கு வீரர்கள் இந்தக் கரைக்கு வந்து குவிவார்கள். அதுவே பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை.

அக்டோபர் ஏன் தனி

வடக்கே ஆர்க்டிக் வரை கூடு கட்டிய வேட்டைப் பறவைகள் இலையுதிர் காலத்தில் தெற்கே இறங்குகின்றன. பரந்த கடலுக்கு மேல் பறப்பதை அவற்றில் பலவும் தவிர்க்கும். அதனால் ஃபுளோரிடா தீபகற்பத்தின் வழியே வந்து, இந்த ஒற்றைத் தீவு வரிசையில் நெருங்கிச் சேர்கின்றன. கர்ரி ஹேமக் அந்தக் குறுகலின் நடுவே இருக்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை கணக்கெடுப்பாளர்கள் இங்கே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பொரி வல்லூறுதான் இதில் கதாநாயகன். 2015 அக்டோபர் 10 அன்று ஒரே நாளில் 1,506 பொரி வல்லூறுகளை எண்ணினார்கள். அது உலக சாதனை. டிடிடி பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து கூடுகட்டும் பறவையாகவே மறைந்துபோன இனம் இது. 1972இல் அந்த மருந்தைத் தடை செய்து, கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டு மீட்டெடுத்தார்கள். அந்த ஒரு நாள் எண்ணிக்கையின் பொருள் அதனால்தான் பெரிது.

பறவை பார்க்க என்றே வருகிறவர்கள் அக்டோபரின் முதல் பாதியைத் தேர்ந்தெடுங்கள். குளிர்முகம் கடந்த மறுநாள், வாடை வீசும் காலை, கூட்டம் அதிகம். இருநோக்கி இருந்தால் போதும், விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. கணக்கெடுப்பாளர்கள் அருகில் போய்ப் பேசாமல் சிறிது நேரம் நில்லுங்கள். இடைவேளையில் அவர்களே சொல்லித் தருவார்கள். மற்ற மாதங்களில் விராலடிப்பானும் கூழைக்கடாவும் தினமும் உண்டு.

சோறும் தண்ணீரும்

மின்சாரம் இருப்பதால் அரிசிக் குக்கர் கொண்டுவாருங்கள், அடுப்புச் சண்டை பாதி தீர்ந்தது. எரிவாயு அடுப்புக்கு மூன்று பக்கமும் காற்றுத் தடுப்பு இல்லாவிட்டால் சாம்பார் கொதிக்கவே கொதிக்காது. முதல் நாளுக்குப் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் வீட்டிலிருந்தே கட்டிவிடுங்கள். கூடாரம் அடித்துக் களைத்த மாலையில் அதைவிட ஆறுதல் வேறில்லை. காய், பால், தயிர், ஐஸ் கட்டி எல்லாம் பத்து நிமிடத்தில் மாரத்தானில் கிடைக்கும். கறிவேப்பிலைக்கும் இட்லி மாவுக்கும் மயாமிப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு வாருங்கள்.

இருட்டியதும் ரக்கூன் வரும். ஐஸ் பெட்டியின் மூடியைத் திறக்கத் தெரிந்த விலங்கு அது. சாப்பாடு, குப்பை, பற்பசைகூட, எல்லாம் இரவில் வண்டிக்குள் பூட்டப்பட வேண்டும். பகலில் பச்சை இகுவானாக்கள் சுற்றும். அவை வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட இனம். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் உணவு போடக்கூடாது.

குழாயில் வரும் நீரைக் குடிக்கலாம். இந்தத் தீவுகளில் நல்ல ஊற்று கிடையாது. பெருநிலத்தில் ஃபுளோரிடா சிட்டி அருகே கிணறுகளில் எடுத்து, கீ வெஸ்ட் வரை சுமார் 130 மைல் குழாயில் அனுப்புகிறார்கள். முதல் குழாய் 1942இல் கடற்படைக்காக வந்தது. அதற்கு முன் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்தே இங்கே வாழ்ந்தார்கள். குளிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இரவு

பதினொரு மணிக்கு மேல் அமைதி நேரம். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை கடலாமைகள் கரையேறும் காலம், கடற்பக்கம் வெள்ளை விளக்கு வைக்காதீர்கள். தாய் ஆமை வெளிச்சம் கண்டால் முட்டையிடாமல் திரும்பிவிடும். குஞ்சுகள் கடலென்று நினைத்து விளக்கை நோக்கி வந்து மடியும். சிவப்பு ஒளி டார்ச் போதும்.

வடக்கு மாநிலங்களிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தனி வாய்ப்பு. நியூஜெர்சியிலும் சிகாகோவிலும் அகத்திய நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. இங்கே ஜனவரி, பிப்ரவரி முன்னிரவில், ஒன்பது பத்து மணிக்கு, தென்கடலுக்கு மேல் அது நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்துக் கடல்விளிம்பில் வைத்தால் முஷ்டிக்குச் சற்று மேலே. அதன் தலைக்கு மேல் உயரத்தில் எல்லாவற்றிலும் பிரகாசமாகச் சிரியஸ் இருக்கும், அதை வைத்துப் பிடித்துவிடலாம். பிள்ளைகளை எழுப்பிக் காட்டுங்கள்.

புயல்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். 1935 செப்டம்பர் 2 அன்று இதே தீவு வரிசையின் இஸ்லமோராடாவில் கரையேறிய புயல், அமெரிக்கா கண்ட மிக வலிய புயல்களில் ஒன்று. நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தொழிலதிபர் ஹென்றி ஃபிளாக்ளர் கடல்மேல் போட்டு 1912இல் கீ வெஸ்ட் வரை ஓடவிட்ட ரயில் பாதை அதோடு முடிந்தது. அந்தப் பாதையின் பாலங்களின்மேல்தான் 1938இல் நெடுஞ்சாலை வந்தது. 2017 செப்டம்பர் 10 அன்று இர்மா, இங்கிருந்து மேற்கே கட்ஜோ கீயில் நான்காம் வகைப் புயலாகக் கரையேறியது. பக்கத்து லாங் கீ பூங்காவின் கடலோரக் கூடார இடங்களை அது சிதைத்துவிட்டது.

வெளியேற இருப்பது ஒரே சாலை. அதனால் வெளியேற்ற உத்தரவு வரும்போது சுற்றுலாப் பயணிகளையும் முகாம்களில் இருப்பவர்களையும்தான் முதலில் போகச் சொல்வார்கள். வானம் நீலமாக இருக்கும்போதே சொல்வார்கள். வாதாடாமல் கிளம்புங்கள். அந்த மாதங்களில் வண்டியில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கக்கூடாது.

மழை மட்டும் பெய்யும் நாளுக்கு வழி உண்டு. மாரத்தானில் பழைய மோட்டல் ஒன்றில் 1986 முதல் நடக்கும் ஆமை மருத்துவமனையைப் பாருங்கள். படகு மோதியும் தூண்டில் விழுங்கியும் வந்த ஆமைகளுக்கு அங்கே சிகிச்சை நடக்கிறது. மழை விட்டதும் செவன் மைல் பாலத்துக்குப் போங்கள். அதன் பழைய பாலத்தில் பிஜன் கீ வரை இரண்டு மைலுக்குச் சற்று மேல் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் 2022இல் மறுபடி திறந்துவிட்டார்கள்.

கிளம்பும் நாள்

உப்பு எல்லாவற்றையும் தின்னும். முதலில் போவது கூடாரத்தின் ஜிப். இங்கே தண்ணீரைக் கொட்டிக் கழுவாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து மடியுங்கள். வீட்டுக்குப் போன அன்றே விரித்து நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். எஃகு முளைகளில் எண்ணெய் தடவிவையுங்கள். சரளைக்கல் நடுவே விழுந்த சிறு முளைகள், பிளாஸ்டிக் துண்டுகள், மீன்பிடி நரம்பு இவற்றைப் பிள்ளைகளை விட்டுப் பொறுக்கச் சொல்லுங்கள். உங்களுடையதாக இல்லாவிட்டாலும் சரி. நரம்பு அலையாத்தியில் சிக்கினால் கூழைக்கடாவின் கழுத்துக்குச் சுருக்காகும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பவே கிளம்பாதீர்கள். தீவுகள் முழுவதிலிருந்தும் வார இறுதிக் கூட்டம் அதே ஒற்றை வரிசையில் வடக்கே திரும்பும் நேரம் அது. இஸ்லமோராடாவில் வண்டிகள் ஊர்ந்து போகும். முடிந்தால் ஒரு நாள் விடுப்பு கூடுதலாகப் போட்டுத் திங்கட்கிழமை காலை புறப்படுங்கள். ஞாயிறு இரவுக்கு இடம் கிடைப்பதும் சனிக்கிழமையைவிட எளிது.